ஓநாயைக் கொண்டுபோய் விட்டாலே காடு சரியாகிடுமா?

ஜனவரி 4, காலை

கேள்வி இதுதான்: "எல்லோஸ்டோன்ல 14 ஓநாய விட்டாங்க, மான்லாம் பயந்து ஓடுச்சு, மரம் வளந்துச்சு, கடைசில ஆறே பாதைய மாத்திக்கிச்சுன்னு ஒரு வீடியோ பாத்தேன். ஓநாய் அழிஞ்சுபோன எல்லா நாட்லயும் இப்படி கொண்டுபோய் விட்டா வேலை முடிஞ்சுது இல்ல? ஏன் யாரும் செய்ய மாட்டேங்கறாங்க?"

அமெரிக்காவோட எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பத்தின அந்த வீடியோவ நானும் பல தடவ பாத்திருக்கேன். ஆனா உலகத்துல இன்னைக்கு திரும்பி வந்திருக்கற ஓநாய்ல பெரும்பகுதிய யாருமே கொண்டுபோய் விடல, அதுங்களா நடந்து வந்ததுதான். கொல்றத நிறுத்தினாங்க, வந்துச்சு. அவ்ளோதான் விஷயம், ஆனா அந்த "நிறுத்தறது" இருக்கே, அதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலை. விட்டு விட்டு எழுதறேன்.

ஜனவரி 4, ராத்திரி

முதல்ல எப்படி அழிஞ்சுதுன்னு தெரியணும். காட்ட வெட்டினதால அழிஞ்சுதுன்னு நெறய பேர் நெனைக்கறாங்க. காடு போனதும் ஒரு காரணம்தான், ஆனா ஓநாய் அவ்ளோ சுலபமா சாகற பிராணி இல்ல. புல்வெளி, பனிப்பாலை, மலை, கரும்பு வயல் ஓரம், எங்க வேணா பிழைக்கும். ஒரு ஈத்துல நாலஞ்சு குட்டி போடும், வயித்துல 63 நாள்தான். இப்படிப்பட்டத ஒழிக்கணும்னா திட்டம் போட்டு, காசு குடுத்து, வருஷக்கணக்கா கொன்னாதான் முடியும், அதத்தான் செஞ்சாங்க.

இங்கிலாந்துல 1500 வாக்குலயே தீந்துபோச்சு. அயர்லாந்துல கடைசி ஓநாய 1786ல கொன்னதா சொல்றாங்க. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவுல குதிரைப் பண்ணை ஆரம்பிச்சப்ப அமெரிக்காலேர்ந்து வந்த ஆலோசகர் சொல்படி விஷம் வச்சாங்க, 1889 வாக்குல அங்க ஓநாயே இல்ல. ஹொன்ஷு ஓநாயோட கடைசிப் பதிவு 1905. இந்தியால பிரிட்டிஷ்காரங்க தலைக்கு இவ்ளோன்னு பரிசு குடுத்தாங்க, 1875லேர்ந்து 1925க்குள்ள ரெண்டு லட்சம் ஓநாய் வரைக்கும் கொல்லப்பட்டிருக்கும்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கு போட்டிருக்காங்க. ரெண்டு லட்சம்! புலிக்கு வருத்தப்பட ஊரே இருக்கு, இதுக்கு யாரும் ஒரு வரி எழுதறதில்ல, எனக்கு அது இன்னும் தாங்க முடியல.

விஷம்னா பெரும்பாலும் ஸ்ட்ரிக்னைன், நம்ம எட்டிக்கொட்டைல இருக்கற அதே விஷம்தான். செத்த மாட்டு உடம்புல தடவி வச்சுட்டு போயிடுவாங்க. ஓநாய் மட்டுமா தின்னும்? கழுகு, நரி, நாய், காக்கா எல்லாம் சுத்தி செத்துக் கெடக்கும். அமெரிக்கால 1915லேர்ந்து இது அரசாங்க சம்பளத்துலயே நடந்த வேலை. எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, அதுக்குள்ளயே, காவலுக்கு இருந்தவங்களே கொன்னு 1926ல முடிச்சாங்க.

ஜனவரி 6

"ஆறு பாதைய மாத்துச்சா இல்லயா, அத சொல்லுங்க" ன்னு கேக்கறாங்க. சரி.

1995 ஜனவரில கனடாவோட ஆல்பர்ட்டாலேர்ந்து 14, அடுத்த வருஷம் பிரிட்டிஷ் கொலம்பியாலேர்ந்து 17, ஆக 31. ரெண்டு மாசத்துக்கு மேல வேலிக்குள்ள அடைச்சு வச்சு, எடம் பழகினப்புறம் தொறந்து விட்டாங்க. அதே சமயத்துல ஐடஹோல 35 ஓநாய அடைச்சு வைக்காம நேரா எறக்கி விட்டாங்க, அதுவும் நல்லாவே பெருகுச்சு, ஆனா அதப் பத்தி யாருமே வீடியோ எடுக்கல. எல்லோஸ்டோன் எண்ணிக்கை 2003ல 174 வரைக்கும் போச்சு, அப்புறம் எறங்கி, இப்ப பல வருஷமா 100 பக்கத்துலதான் நிக்குது.

பூங்காவோட வடக்குப் பக்கத்துல எல்க்ங்கற பெரிய மான் கூட்டம் ஓநாய் வர்றதுக்கு முன்னாடி 19,000 வாக்குல இருந்துச்சு, 2013ல 4,000க்கும் கீழ. சில எடத்துல வில்லோ, ஆஸ்பென்ங்கற மரங்க வளந்துச்சு, அது உண்மை. ஆனா மான் கொறஞ்சதுக்கு ஓநாய் மட்டும் காரணமில்ல: கரடியும் மலைச்சிங்கமும் கூடிப்போச்சு, பூங்காவ விட்டு வெளிய வர்ற மான மனுஷங்க வேட்டையாடினாங்க, நடுவுல வறட்சி வேற.

ஆத்து விஷயத்துக்கு வர்றேன். கொலராடோ பல்கலைக்கழகம் ஒண்ணுல இருக்கறவங்க 2001லேர்ந்து 20 வருஷம் ஒரு சோதனை நடத்தி 2024ல வெளியிட்டாங்க. ஓடை ஓரத்துல சில எடத்துல வேலி போட்டு மான் மேயாம தடுத்தாங்க, சில எடத்துல பீவர் (மரத்த கடிச்சு ஓடைல அணை கட்டற, பெரிய எலி மாதிரி பிராணி) கட்டற மாதிரி அணை போட்டு தண்ணிய ஒசத்தினாங்க, சில எடத்துல ரெண்டும், சில எடத்துல எதுவுமே செய்யல. எதுவும் செய்யாம விட்ட எடத்துல, ஓநாய் வந்து இத்தன வருஷம் ஆகியும், வில்லோ குட்டையாவே நின்னுடுச்சு. ஏன்னா ஓநாய் இல்லாத அந்த 70 வருஷத்துல மான் வில்லோவ மொட்டையடிச்சு, வில்லோ இல்லாம பீவர் போய், பீவர் அணை இல்லாம ஓடை ஆழமா அரிச்சு, நிலத்தடி தண்ணி கீழ எறங்கிடுச்சு. அப்புறம் ஓநாய் வந்தா மட்டும் தண்ணி மேல ஏறிடுமா?

என்னயக் கேட்டா ஓநாயோட அருமைய இது ஒரு துளியும் கொறைக்கல. தொலைச்சா என்னாகும்னு இத விட தெளிவா எதுவும் சொல்லாது.

ஜனவரி 6, கொஞ்ச நேரம் கழிச்சு

எல்லோஸ்டோன் பத்தி எழுதிட்டு 10ஆம் நம்பர் ஓநாயப் பத்தி எழுதாம போக மனசு வரல. முதல் வருஷம் விட்டதுல பெரிய ஆண் அது. ஜோடி 9ஆம் நம்பர். ரெண்டும் பூங்காவ விட்டு வெளிய போச்சு, ஏப்ரல்ல ஒருத்தன் 10ஐ சட்டவிரோதமா சுட்டுட்டான். 9 அங்கயே தனியா எட்டு குட்டி போட்டுச்சு. தகப்பன் இல்லாம எட்டையும் வளக்கறது ரொம்ப கஷ்டம்னு அதிகாரிங்க தாயையும் குட்டிங்களையும் புடிச்சு பழைய வேலிக்குள்ள கொண்டுவந்து வச்சாங்க. வெளிய விட்டப்ப, 8ஆம் நம்பர், அதுவே ஒன்றரை வயசு விடலைப் பய மாதிரி ஆண், வந்து சேந்து அந்த அத்தன குட்டிக்கும் தகப்பனா ஆச்சு. அந்த குட்டில ஒண்ணுதான் 21, பின்னாடி ட்ரூயிட்னு பேர் வச்ச ஓநாய்க் கூட்டத்தோட தலைவன். 2001ல அந்த கூட்டம் 37 ஓநாயோட இருந்துச்சு, ஓநாய்க் கூட்டம்னு பாத்தா அது ரொம்ப ரொம்ப பெருசு.

எல்லோஸ்டோனுக்குள்ள இருக்கற லமார் பள்ளத்தாக்குக்கு ஒரு குளிர்காலத்துல போயிருந்தேன். விடியக்காலைல தொலைநோக்கி வச்சுட்டு ஒரு வரிசையே நிக்கும், பாதிப்பேர் ரிட்டயர் ஆனவங்க, ஒவ்வொரு ஓநாயோட தாத்தா பாட்டி வரைக்கும் தெரியும் அவங்களுக்கு. தூரத்துல அஞ்சாறு கருப்புப் புள்ளி பனி மேல வரிசையா போச்சு, திடீர்னு நின்னு ஊளை விட்டுச்சு. பக்கத்துல இருந்த அம்மா ஒருத்தங்க அழுதாங்க, எனக்கும் தொண்டை அடைச்சுது. அத வாழ்க்கைல ஒரு தடவ கேட்டவங்க இந்த விஷயத்துல நடுநிலையா பேச முடியாது, நானும் முடியல.

ஜனவரி 9

"பிரான்ஸ்ல அரசாங்கமே ராத்திரில லாரில கொண்டுவந்து விட்டுச்சாம், அங்க விவசாயிங்க சொல்றாங்க" ன்னு ஒரு பதிவு. இது அங்க பல வருஷமா சுத்தற கதை. மரபணுவ பாத்தாச்சு, இத்தாலி வம்சாவளி, நடந்தே வந்திருக்கு.

இத்தாலிதான் எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம். 1970கள் ஆரம்பத்துல அப்பென்னைன் மலைல 100 ஓநாய் மிச்சம் இருந்துச்சு. 1971ல கொல்ல வேண்டிய பிராணிப் பட்டியல்லேர்ந்து எடுத்தாங்க, 1976ல முழுப் பாதுகாப்பு. அதே காலத்துல மலைக் கிராமத்து ஜனங்க நகரத்துக்கு போயிட்டாங்க, பழைய வயக்காடு திரும்ப புதர் ஆச்சு, காட்டுப்பன்னியும் மானும் பெருகுச்சு. ஓநாய் வடக்க நகந்து நகந்து ஆல்ப்ஸ ஏறி 1992ல பிரான்ஸ்ல மெர்கான்டூர் பூங்கால தலை காட்டுச்சு. 2020-21ல இத்தாலி முழுக்க எண்ணினப்ப சுமார் 3,300. ஒரு கூண்டு, ஒரு ஹெலிகாப்டர் கிடையாது.

ஜெர்மனி இன்னும் ஆச்சரியம். போலந்து பக்கத்துலேர்ந்து வந்த ஜோடி 2000ல சாக்சனில ஒரு ராணுவப் பயிற்சி மைதானத்துல குட்டி போட்டுச்சு. டாங்கி ஓடற எடம், குண்டு வெடிக்கற எடம்! பின்னாடி ஆராய்ஞ்சு பாத்தா, புதுசா ஒரு பகுதிக்கு வர்ற ஓநாய் இயற்கைக் காப்பகத்த விட ராணுவ மைதானத்துலதான் முதல்ல நிலைக்குது, அங்க சாவு கம்மி. காரணம், அங்க திருட்டுத்தனமா சுடறவன் நுழைய முடியாது. 2023-24 கணக்குல ஜெர்மனில 209 கூட்டம். அணு உலை வெடிச்ச செர்னோபில்ல, பெலாரஸ் பக்கத்துலயும் அதே கதைதான், கதிர்வீச்சு இருந்தும் பக்கத்து காப்பகங்கள விட ஏழு மடங்குக்கு மேல ஓநாய், ஏன்னா மனுஷன் இல்ல.

அப்புறம் ஸ்லாவ்ட்ஸ். ஸ்லோவேனியால ரேடியோ காலர் போட்ட இளவட்டம். 2011 டிசம்பர்ல கெளம்பி, ஆஸ்திரியா வழியா, நெடுஞ்சாலை, ஆறு, பனிமலை எல்லாம் தாண்டி, 1,000 கிலோமீட்டருக்கு மேல நடந்து, இத்தாலில வெரோனாவுக்கு மேல இருக்கற லெஸ்ஸினியால ஒரு பெண் ஓநாய கண்டுபிடிச்சுது. அந்த வட்டாரத்துல வேற ஓநாயே இல்ல, எப்படி ஒண்ணு ஒண்ண கண்டுபிடிச்சுதோ. வெரோனாங்கறதால அதுக்கு ஜூலியட்னு பேர் வச்சுட்டாங்க. அந்த ஜோடிலேர்ந்துதான் அந்தப் பக்கத்து ஓநாய்க் கூட்டங்களே ஆரம்பம்.

ஜனவரி 10

"நகரத்துல உக்காந்து பேசறது சுலபம், ஆடு போனவனுக்குத்தான் வலி தெரியும்."

தெரியும். நான் ஆடு வளர்த்த வீட்ல பிறந்தவன். பட்டிக்குள்ள ஒரு ராத்திரில புகுந்து கழுத்த கடிச்சுப் போட்டத காலைல பாத்திருக்கேன். எங்கம்மா அன்னைக்கு பேசவே இல்ல. செத்தத எண்ணலாம், மிரண்டு போய் குட்டி கலைச்ச ஆட்ட யாரு எண்ணுவா? நஷ்டஈட்டுக்கு மனு குடுத்து, படம் எடுத்து, கையெழுத்துக்கு அலைஞ்சு, வந்த பணம் அலைஞ்ச செலவுக்கே சரி. அதனாலதான் இந்த இழைல மத்த எல்லாத்த விட இந்த பகுதி எனக்கு முக்கியம்.

ஐரோப்பிய ஆணையம் 2023 கடைசில ஒரு கணக்கு சொல்லுச்சு: ஒன்றிய நாடுகள்ல சுமார் 20,300 ஓநாய், வருஷத்துக்கு குறைஞ்சது 65,500 கால்நடை போகுது, ஆடு மொத்தம் ஆறு கோடி, ஓநாய் கொல்றது அதுல 0.065 சதவீதம். ஓநாய் ஆதரவாளர்கள் இந்த நம்பர எல்லா எடத்துலயும் போடறாங்க, எனக்கு அதப் பாத்தா கோவம் வருது. சராசரி யாரோட பட்டிலயும் நடக்கறதில்ல. 2,000 பேருக்கு ஒண்ணும் ஆகாது, ஒருத்தனுக்கு ஒரே ராத்திரில முப்பது போகும். அந்த ஒருத்தன்தான் மறுநாள் விஷம் வாங்கப் போவான், அவன் வைக்கற விஷத்துல ஒரு ஓநாய்க் குடும்பமே சாகும்.

ஜனவரி 10, ராத்திரி

என்னதான் வழின்னு கேட்டிருக்காங்க. புதுசா ஒண்ணும் இல்ல. ராத்திரில பட்டில அடைக்கணும். பெரிய காவல் நாய், ஆட்டுக்குட்டிங்களோடவே குட்டிலேர்ந்து வளத்தது, ஒண்ணு போதாது, ரெண்டு மூணாவது வேணும். கரண்ட் வேலி, கீழ்க் கம்பி தரைக்கு பக்கத்துல இருக்கணும், ஓநாய் தாண்டறத விட தோண்டிப் புகத்தான் முதல்ல பாக்கும். கயித்துல சிவப்புத் துணி கட்டித் தொங்க விடறது குட்டி போடற சீசனுக்கு சில வாரம் தாங்கும், அப்புறம் ஓநாய்க்கு பழகிடும். செத்த மாட்ட வெளிய போடாம பொதைக்கணும், அந்த வாசனைதான் முதல்ல கூப்பிடுது.

ஓநாய் ஒழிஞ்சு ரெண்டு மூணு தலைமுறை ஆன நாடுகள்ல இந்த பழக்கம் எல்லாம் மறந்துபோச்சு, ஆட்ட மலைல அவுத்து விட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. ஓநாய் விடாம இருந்த ருமேனியா மலைல மேய்ப்பனும் நாயும் ராத்திரி ஆட்டோடதான் படுக்கறாங்க. திரும்ப கத்துக்கறதுக்கு கூலி, வேலி, நாய்த்தீனி எல்லாம் யார் குடுக்கறதுங்கறதுதான் கேள்வி. ஆடு செத்தப்புறம் குடுக்கற காச விட சாகறதுக்கு முன்னாடி குடுக்கற காசுதான் ஓநாய காப்பாத்தும்னு நான் உறுதியா நம்பறேன்.

ஜனவரி 13

மனுஷனத் தாக்குமான்னு கேட்டதுக்கு சுருக்கமா. தாக்கியிருக்கு, மறைக்கக் கூடாது, 1996ல கிழக்கு உத்தரப் பிரதேசத்துல குழந்தைங்க செத்திருக்காங்க. உலகம் முழுக்க 2002லேர்ந்து 2020 வரைக்கும் நார்வே ஆய்வாளர்கள் தொகுத்ததுல தாக்கப்பட்டவங்க 489, அதுல 380 பேர கடிச்சது வெறி புடிச்ச ஓநாய். இறந்தவங்க 26. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் சேத்து அந்த 19 வருஷத்துல ரெண்டு சாவு. ஓநாய்க்கு வெறிநோய் பல எடத்துல நாய்கிட்டேர்ந்து வருது, அதனால நாய்க்கு ஊசி போடறது மனுஷனுக்கும் ஓநாய்க்கும் சேத்து செய்யற உதவி.

ஜனவரி 15

"கொஞ்சம் கொஞ்சமா சுட்டா பயம் இருக்கும், ஜனங்களும் பொறுத்துப்பாங்க, அளவா வேட்டைக்கு விட்டா என்ன?" இது நியாயமான கேள்விதான், நானே ஒரு காலத்துல அரை மனசா ஒத்துக்கிட்டேன். 2021 பிப்ரவரிக்கு அப்புறம் தயக்கம் வந்துடுச்சு. அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துல, மத்திய அரசு ஓநாய்க்கு குடுத்த பாதுகாப்ப எடுத்த கொஞ்ச நாள்லயே வேட்டை தொறந்தாங்க, லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு 119னு வரம்பு. மூணு நாளுக்குள்ள 218 கொன்னுட்டாங்க. புதுப் பனில தடம் பளிச்சுனு தெரியும், வேட்டை நாய விட்டுத் துரத்தினாங்க, அது ஓநாய் இணை சேர்ற மாசம். வரம்பு காகிதத்துல இருந்துச்சு. மறு வருஷம் பிப்ரவரில கோர்ட்டு பாதுகாப்ப திரும்பக் குடுத்துச்சு.

இதே விஸ்கான்சின்லதான், ஓநாய் வந்த மாவட்டங்கள்ல மான் மேல கார் மோதற விபத்து 24 சதவீதம் கொறஞ்சுதுன்னு அதே 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு. மான் ரோட்டோரமா நிக்கறத விட்டுடுச்சு, அதான்.

வேட்டைல இன்னொண்ணு. கூட்டம்னா அது ஒரு குடும்பம், அப்பா அம்மா, இந்த வருஷக் குட்டி, போன வருஷக் குட்டி. சண்டை போட்டு தலைவனாகற கதையெல்லாம் கூண்டுல முன்ன பின்ன தெரியாத ஓநாய்ங்கள சேத்து அடைச்சு வச்சு பாத்து எழுதினது, ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக் 1999லயே காட்டு ஓநாய் அப்படி இல்லன்னு எழுதிட்டார். சுடறவனுக்கு எது தாய்னு தெரியாது. தாய் போச்சுன்னா அனுபவம் இல்லாத விடலைங்க சிதறும், மான் புடிக்கத் தெரியாதது சுலபமா கிடைக்கற ஆட்டுக்கு வரலாம். ஒரே ஓநாய் திரும்பத் திரும்ப பட்டிக்கு வந்தா அத சுடறத நான் எதிர்க்கல. பொத்தாம்பொதுவா எண்ணிக்கை வச்சு சுடறதத்தான் எதிர்க்கறேன். ஐரோப்பால 2025 மார்ச்லேர்ந்து பெர்ன் ஒப்பந்தத்துல (வனவிலங்குப் பாதுகாப்புக்கு நாடுகள் சேந்து போட்டது) ஓநாயோட பாதுகாப்பு ஒரு படி எறக்கியாச்சு, எனக்கு அந்த பயம்தான்.

ஜனவரி 18

இந்திய ஓநாய் பத்தி கேட்டவங்களுக்கு. மொத்தமே 3,000 வாக்குலதான் இருக்கும். சட்டத்துல புலிக்கு இருக்கற அதே முதல் அட்டவணை. பிரச்சினை என்னன்னா அது வாழறது காட்டுல இல்ல, புல்வெளி, முள்ளுக்காடு, மேய்ச்சல் நிலம், இதெல்லாம் ரெக்கார்டுல "தரிசு". தரிசுன்னா சோலார் போடலாம், தொழிற்பேட்டை போடலாம், மரம் கூட நடலாம், ஓநாய்க்கு மரமும் கெடுதல்தான். இங்க கொண்டுவந்து விடற பேச்சே வேண்டாம், இன்னும் இருக்கு. கிடை போடறவங்க கூடவே காலங்காலமா வாழுது, அவங்களும் ஒண்ணு ரெண்டு ஆடு போனா பொறுத்துக்கிட்டுதான் இருக்காங்க. மேய்ச்சல் நிலம் இருந்தா ரெண்டு பேரும் இருப்பாங்க.

ஜனவரி 21

கடைசியா கேட்டது, "எத்தன இருந்தா போதும், எப்ப நிம்மதியா விடலாம்?"

ஐல் ராயல பாருங்க. அமெரிக்கால சுப்பீரியர் ஏரிக்கு நடுவுல இருக்கற தீவு, 1940கள் கடைசில உறைஞ்ச ஏரி மேல நடந்து வந்த ஓநாய்ங்க. 1958லேர்ந்து விடாம கவனிக்கறாங்க. 1980ல 50 இருந்துச்சு, நாய்லேர்ந்து வந்த பார்வோ வைரஸ்ல ரெண்டே வருஷத்துல 14 ஆச்சு. அப்புறம் சொந்தத்துக்குள்ளயே குட்டி போட்டு போட்டு முதுகெலும்பு கோணலா பொறக்க ஆரம்பிச்சுது. 1997ல ஒரே ஒரு ஆண் பனி மேல நடந்து வந்து சேந்தான், கொஞ்ச காலம் கூட்டம் தேறிச்சு. ஆனா அடுத்த தலைமுறை எல்லாம் அவன் வம்சமே ஆயிட்டதால திரும்ப அதே சிக்கல். குளிர்காலம் சூடாகி ஏரி உறையறதும் கொறஞ்சு போக, 2016ல மிச்சம் ரெண்டு, அப்பாவும் மகளும். 2018-19ல வெளியிலேர்ந்து 19 ஓநாய கொண்டுவந்து விட்டாங்க, 2024ல 30 வாக்குல. இந்த எடத்துல கொண்டுவந்து விடறதத் தவிர வேற வழி இல்ல, அத நான் முழு மனசா ஆதரிக்கறேன்.

மெக்சிகன் ஓநாய்ங்கற தனி வகையும் அப்படித்தான். இன்னைக்கு இருக்கற அத்தனையும் கூண்டுல மிஞ்சின 7 ஓநாயோட வாரிசு. 1998ல அரிசோனால விட்டாங்க, 2024 கடைசில குறைஞ்சது 286. நம்பர் ஏறுது, ரத்தம் ஒண்ணாவே இருக்கு. அதனால கூண்டுல பொறந்து 14 நாள் கூட ஆகாத குட்டிய விமானத்துல கொண்டுபோய், காட்டு ஓநாயோட குட்டிங்களுக்கு நடுவுல வச்சுட்டு வர்றாங்க. தாய் அதையும் சேத்து வளக்குது. அப்படி வச்சதுல சிலது வளந்து குட்டியும் போட்டாச்சு.

ஜனவரி 21, பின்குறிப்பு

இவ்ளோ பாடுபடறவங்களே ஒரு நெடுஞ்சாலைய எல்லையா வச்சிருக்காங்க, 40ஆம் நம்பர் நெடுஞ்சாலை. மெக்சிகன் ஓநாய் அதத் தாண்டி வடக்க போகக் கூடாதாம். ஆஷான்னு ஒரு பெண் ஓநாய் தாண்டிப் போச்சு, 2023 ஜனவரில புடிச்சாங்க. விட்டதும் திரும்ப வடக்க போச்சு, அதே வருஷக் கடைசில திரும்பப் புடிச்சு கூண்டுல போட்டாங்க. வடக்க கொலராடோல 2023 டிசம்பர்லேர்ந்து ஓநாய் விட ஆரம்பிச்சிருக்காங்க, ரெண்டு வம்சமும் ஒரு நாள் சந்திச்சா இந்த ரத்தப் பிரச்சினைக்கே ஒரு வழி பொறக்கலாம். அப்படி கலந்தா சின்ன வம்சம் பெருசுல கரைஞ்சுபோயிடும்னு சிலர் பயப்படறாங்க, அந்த பயத்த நான் அலட்சியப்படுத்தல. ஆனா யாரும் ஆட்டுப்பட்டில புகுந்தான்னு அவள புடிக்கல, கோட்டத் தாண்டினான்னு புடிச்சாங்க. அந்த விதிய எடுக்கணும்.